குழந்தை தூங்கும்போது வேலை பாத்துக்கலாம்னு நினைக்கிறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

போன மாசம் ஒரே வாரத்துல மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டாங்க. மூணு பேருமே முப்பது வயசுக்குள்ள. ரெண்டு பேர் மாசமா இருக்காங்க, ஒருத்தருக்குக் குழந்தை பிறந்து ரெண்டு மாசம். கேள்வி இதுதான்: "வேலையை விட்டுட்டு வீட்டுல இருந்தே ஃப்ரீலான்ஸ் பண்ணலாம்னு இருக்கேன். குழந்தையையும் பாத்துக்கலாம், வருமானமும் வரும். டாக்ஸ் எப்படிக் கட்டணும்?"

டாக்ஸ் எப்படிக் கட்டணும்ங்கறது சுலபம், கடைசியில சொல்றேன். ஆனா அந்தக் கேள்விக்கு முன்னாடி இருக்கற வாக்கியம்தான் என்னைத் தூங்க விடல. "குழந்தையையும் பாத்துக்கலாம்." இதே வாக்கியத்தை நம்பி நான் ஒரு தடவை கையைச் சுட்டுக்கிட்டேன். வீடியோல 12 நிமிஷத்துல சொல்ல வேண்டிய விஷயம் இல்ல இது, அதனால எழுதறேன்.

2024 ஜனவரி. எனக்கு ஆறாம் மாசம். கோவையில ஒரு கம்பெனியோட ஃபைனான்ஸ் டிபார்ட்மென்ட்ல வேலை, கைக்கு வர்ற சம்பளம் 85,000 ரூபாய். தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். முதுகு வலி தாங்கல. பிராக்டிஸ் ஆரம்பிக்கணும்னு ரொம்ப நாளா ஆசையும் இருந்தது. "குழந்தை பிறந்தா எப்படியும் வீட்டுலதான் இருக்கப் போறோம், நாலு ரிட்டர்ன் ஃபைல் பண்ணா ஆச்சு"ன்னு நினைச்சு ராஜினாமா கடிதம் குடுத்துட்டேன். ஹெச்.ஆர்-ல இருந்தவங்க "ஆல் தி பெஸ்ட், உடம்பைப் பாத்துக்கோங்க"ன்னு சிரிச்ச முகமா வாங்கி வெச்சுக்கிட்டாங்க.

அந்தச் சிரிப்போட விலை 5 லட்சம் ரூபாய்னு எனக்கு அப்போ உறைக்கல.

1961-ம் வருஷ மகப்பேறு பயன் சட்டம் 2017-ல திருத்தப்பட்டதுக்கு அப்புறம், முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்துல குறைஞ்சது 80 நாள் வேலை பாத்திருந்தா போதும். நான் அங்க மூணு வருஷம் வேலை பாத்திருந்தேன். 85,000-ஐ ஆறு மாசத்தால பெருக்கிக்கோங்க. அதோட கம்பெனியோட மருத்துவக் காப்பீடும் போச்சு. சிசேரியன். பில் 1,38,000 ரூபாய். வீட்டுக்காரர் ஆபீஸ் பாலிசியில பிரசவத்துக்கு 50,000 ரூபாய்தான் வரம்பு. மீதி 88,000 கையில இருந்து போச்சு. ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுக் குடுக்கறவ, சொந்தக் கணக்கைப் போடாம விட்டுட்டேன். இதைச் சொல்லும்போது எங்கம்மா இப்பவும் தலையில அடிச்சுப்பாங்க.

அதனால என் முதல் கருத்து இது, கொஞ்சம் கறாராவே சொல்றேன். கர்ப்பமா இருக்கும்போது ரிசைன் பண்ணாதீங்க. உடம்புக்கு முடியலன்னா விடுப்பு எடுங்க; 26 வாரத்துல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கலாம். சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருக்கறவங்களுக்கு ஈ.எஸ்.ஐ வழியா இந்தப் பணம் வரும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்த பிறகும் இந்த 26 வாரம் அப்படியேதான் இருக்கு. "விட்டுட்டுப் போறதுன்னு மனசுல முடிவு பண்ணிட்டு அந்தப் பணத்தை வாங்கறது நியாயமா?"ன்னு ஒருத்தர் கேட்டாங்க. அது கம்பெனி போடற பிச்சை இல்லம்மா, நீங்க உழைச்சதுக்குச் சட்டம் குடுக்கற உரிமை. அந்த 26 வாரத்துல உங்க மனசு எத்தனை தடவை மாறும்னு உங்களுக்கே தெரியாது. எனக்கு மாறுச்சு.

இன்னொண்ணும் அந்தச் சட்டத்துல இருக்கு, நிறைய பேருக்குத் தெரியறதில்ல. விடுப்பு முடிஞ்ச பிறகு, வேலையோட தன்மை இடம் குடுத்தா, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டு வீட்டுல இருந்தே வேலை பாக்கலாம். கம்பெனி கட்டாயம் குடுத்தே ஆகணும்னு இல்லதான். ஆனா கேட்டாத்தானே கிடைக்கும்? மெயில்ல, எழுத்துல கேளுங்க. 50 பேருக்கு மேல வேலை பாக்கற இடம்னா குழந்தைக் காப்பக வசதி இருக்கணும், ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாத்துட்டு வரவும் அனுமதி உண்டு. எத்தனை கம்பெனி ஒழுங்கா செய்யுதுன்னு என்னைக் கேக்காதீங்க, ரத்தக் கொதிப்பு ஏறும்.

சரி, என் கதைக்கு வர்றேன்.

ஏப்ரல் மாசம் பொண்ணு பிறந்தா. ஈரோட்டுல அம்மா வீட்டுல இருந்தேன். பிராக்டிஸ் ஆரம்பிச்சாச்சு, முதல் வருஷம், ஜூன் மாசமே ரிட்டர்ன் ஃபைல் பண்ணச் சொல்லி ஆட்கள் வர ஆரம்பிச்சாங்க. "பச்சை உடம்புக்காரி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா கண்ணு போயிரும்டி"ன்னு அம்மா திட்டிக்கிட்டே குழந்தையை வாங்கிட்டுப் போவாங்க. வேலை நடந்தது. சந்தோஷமா இருந்தது. "பாத்தியா, ரெண்டையும் சமாளிக்கறேன்"னு வீட்டுக்காரர்கிட்ட பெருமையா சொன்னேன். சமாளிச்சது நான் இல்ல, எங்கம்மாங்கறது ஜூலை ரெண்டாவது வாரம் கோவைக்குத் திரும்பின பிறகுதான் தெரிஞ்சது.

குழந்தை நிறைய தூங்கும், அப்போ வேலை பாத்துக்கலாம்னு எல்லாரும் சொல்வாங்க. தூங்குதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா முக்கால் மணி நேரம் தூங்கும், எழுந்திரிக்கும், பால், தோள்ல போட்டுத் தட்டறது, துணி மாத்தறது, மறுபடி தூளி. அடுத்த தூக்கத்துல நீங்க குளிக்கணும், சாப்பிடணும். நான் ஒரு வாரம் டைரியில குறிச்சு வெச்சேன், தொழில் புத்தி போகாதே. ஒரு நாளைக்கு மூளையைச் செலுத்தி வேலை பாத்த நேரம் சராசரியா 2 மணி 30 நிமிஷம். அதுவும் ஒரே மூச்சுல இல்ல, ஆறேழு துண்டா. ஒருத்தரோட கேப்பிடல் கெயின் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, எங்க விட்டோம்னு தேடறதுக்குள்ள தூளி ஆடும்.

2024 ஜூலை 31, புதன்கிழமை. ரிட்டர்ன் ஃபைல் பண்ண கடைசி நாள். என்கிட்ட 11 ரிட்டர்ன் பாக்கி. அன்னைக்குக் காலையிலதான் பொண்ணுக்கு மூணரை மாசத் தடுப்பூசி. போட்ட அன்னைக்குக் காய்ச்சல் வரும்னு தெரியும், தள்ளிப் போட்டிருக்கலாம், "தேதி தவறக் கூடாது"ன்னு போயிட்டேன். சாயங்காலம் உடம்பு கொதிக்குது. மடியில இருந்து இறக்கினா அலறுறா. வீட்டுக்காரருக்கு அன்னைக்கு ராத்திரி ஷிஃப்ட். ஒரு கையில குழந்தை, ஒரு கையில மவுஸ். பத்து ரிட்டர்ன் போயிடுச்சு. பதினொண்ணாவது ஆளோட ரிட்டர்ன்ல ஓ.டி.பி வந்து, நான் அதை வாங்கிப் போட்டு, சப்மிட் ஆகும்போது மணி 12.25. தேதி ஆகஸ்ட் 1.

அவர் ஒரு ஐ.டி ஊழியர். 5,000 ரூபாய் தாமதக் கட்டணத்தை நானே கட்டிட்டேன், அது பெரிசு இல்ல. அவருக்கு ஷேர் மார்க்கெட்ல 1,40,000 ரூபாய் குறுகிய கால நஷ்டம் இருந்தது. தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டிருந்தா அந்த நஷ்டத்தை அடுத்த 8 வருஷத்துக்கு எடுத்துட்டுப் போய், பின்னாடி வர்ற லாபத்துல கழிச்சுக்கலாம். தேதி தாண்டினா முடியாது. 20 சதவீத வரிக்குக் கணக்குப் பாத்தா 28,000 ரூபாய். நல்லவேளை, அவர் புதிய வரி முறையில இருந்தார். பழைய முறையைத் தேர்ந்தெடுக்கற ஆளா இருந்திருந்தா, தாமதமா ஃபைல் பண்றதால அதுவும் கையை விட்டுப் போயிருக்கும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட வழி இருக்கு, போடலாம்னு சொன்னேன். "விடுங்க மேடம், குழந்தை எப்படி இருக்கா?"ன்னு கேட்டார். திட்டியிருந்தா பரவாயில்ல. அடுத்த வருஷம் அவர் வேற ஆடிட்டர்கிட்ட போயிட்டார். நியாயம்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, ஃப்ரீலான்ஸ்ங்கறது பொழுதுபோக்கு இல்ல. அந்தப் பக்கம் ஒருத்தர் உங்களை நம்பித் தேதி வெச்சிருக்கார். நீங்க டிசைனரா இருக்கலாம், கோடிங் பண்ணலாம், மொழிபெயர்க்கலாம்; குழந்தைக்குக் காய்ச்சல்ங்கறதை அந்த க்ளையன்ட் ஒரு தடவை புரிஞ்சுக்குவார், மூணாவது தடவை ஆள் மாத்திடுவார். ஆபீஸ்ல நீங்க லீவ் போட்டா உங்க வேலையைப் பக்கத்து சீட்ல இருக்கறவர் பாப்பார். ஃப்ரீலான்ஸ்ல பக்கத்து சீட்டே கிடையாது.

இப்போ கணக்கு. உங்களுக்குக் கைக்கு வர்ற சம்பளம் 60,000, பேசிக் 30,000ன்னு வெச்சுக்குவோம். உங்க பங்கு பி.எஃப் 3,600, கம்பெனி பங்கு 3,600, கிராஜுவிட்டிக்குன்னு ஒதுக்கறது மாசம் 1,400 சொச்சம், மருத்துவக் காப்பீடு ஒரு ஆயிரத்துக்கு மேல. ஆக, இப்ப இருக்கற நிலைமையில இருந்து கீழ போகாம இருக்கணும்னா மாசம் 70,000 ரூபாய் சம்பாதிக்கணும். இதுல சம்பளத்தோட கூடிய லீவை நான் சேர்க்கவே இல்ல.

ஒரு நாளைக்கு 2 மணி 30 நிமிஷம், மாசம் 22 நாள்னா 55 மணி நேரம். அதுல கால் பங்கு மெயில், கொட்டேஷன், "பேமென்ட் எப்போ சார்?"னு நினைவுபடுத்தறது, இதுக்கெல்லாம் யாரும் காசு தர மாட்டாங்க. மிச்சம் 41 மணி நேரம். 70,000-ஐ 41-ஆல வகுத்தா ஒரு மணி நேரத்துக்கு 1,700 ரூபாய். உங்க வேலைக்கு மணிக்கு 1,700 ரூபாய் குடுக்கற க்ளையன்ட் இப்பவே கைவசம் இருக்காரா? இருந்தா, தாராளமா வேலையை விடுங்க, நான் குறுக்க நிக்கல.

இதே ஆளுக்கு யாராவது குழந்தையைப் பாத்துக்கிட்டு, தினமும் நாலு மணி நேரம் தொந்தரவு இல்லாம கிடைச்சா? 88 மணி நேரம், கால் பங்கு போக 66. மணிக்கு 1,060 ரூபாய் போதும். குழந்தையைப் பாத்துக்க ஆள் வெக்கறது ஆடம்பரச் செலவுன்னு நினைக்கறவங்க இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

நாங்க அந்த ஆகஸ்ட்லயே பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்களை ஏற்பாடு பண்ணோம். காலையில 9.30-ல இருந்து 1.30 வரைக்கும், மாசம் 8,000 ரூபாய். நான் அதே வீட்டுல, அடுத்த ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு. முதல் வாரம் ஒவ்வொரு அழுகைக்கும் எழுந்து ஓடினேன். அக்காவே ஒரு நாள் "நீ வெளிய வந்தா அவ என்கிட்ட இருக்க மாட்டேங்கறா கண்ணு, உள்ளயே இரு"ன்னு சொல்லிட்டாங்க.

இங்கதான் எனக்குப் பிடிக்காத ஒரு பேச்சு வந்தது. சொந்தக்காரர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தப்போ, "மாசம் 35,000 சம்பாதிக்கற, அதுல 8,000 ஆயாவுக்கே போகுது, அப்புறம் எதுக்கும்மா?"ன்னு கேட்டார். அப்போ என் வருமானம் அவ்வளவுதான், உண்மை. ஆனா இந்த 8,000 ஏன் என் வருமானத்துல மட்டும் கழியுது? குழந்தை ரெண்டு பேருக்கும் பொதுதானே? வீட்டுக்காரருக்கு 90,000 வருது. அவர் நிம்மதியா ஆபீஸ் போறதுக்கும் அந்தக் குழந்தையை யாரோ பாத்துக்கறதுதானே காரணம்? ரெண்டு பேர் வருமான விகிதத்துல பிரிச்சா, அவர் பங்கு 5,760, என் பங்கு 2,240. நாங்க இப்படித்தான் எழுதி வெச்சிருக்கோம். பணம் ஒரே வீட்டுல இருந்துதான் போகுது, எழுதறதால என்ன மாறப் போகுதுன்னு வீட்டுக்காரரே முதல்ல சிரிச்சார். மாறுதுங்க. எல்லாச் செலவையும் அம்மாவோட சம்பளத்துல கழிச்சா, "லாபமே இல்லையே, விட்டுடலாமே"ங்கற முடிவு தானா வந்துடும். பல பெண்களோட பிராக்டிஸ், கெரியர் எல்லாம் முடிஞ்சு போனது இந்தத் தப்பான கழித்தலாலதான்னு நான் உறுதியா நம்பறேன். குழந்தை ரெண்டு வருஷத்துல நடந்து ஓடிடும். விட்ட க்ளையன்ட்டும் விட்ட வருஷமும் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது.

அப்பாக்களே, நீங்களும் இதைப் படிக்கறீங்கன்னு தெரியும். தனியார் கம்பெனியில உங்களுக்கு லீவ் குடுக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல. கம்பெனி பாலிசியில ஒரு வாரமோ ரெண்டு வாரமோ இருந்தா, எல்லாத்தையும் ஆஸ்பத்திரி வராந்தாவுலயே செலவழிக்காம, பாதியை மனைவி தாய் வீட்டுல இருந்து திரும்பற வாரத்துக்கு வெச்சுக்கோங்க. நிஜமா ஆள் தேவைப்படறது அப்போதான்.

இத்தனைக்கும் அப்புறம் ஃப்ரீலான்ஸ்தான்னு முடிவு பண்ணவங்களுக்கு, வேலையை விடறதுக்கு முன்னாடி சில விஷயம். டேர்ம் இன்ஷூரன்ஸ், சொந்த மருத்துவக் காப்பீடு ரெண்டையும் சம்பள ஸ்லிப் கையில இருக்கும்போதே எடுங்க. அப்புறம் வருமானத்துக்கு ஆதாரமா ரிட்டர்ன் கேப்பாங்க, முதல் வருஷம் உங்ககிட்ட இருக்காது. வீட்டுக் கடனுக்கும் இதே கதைதான். பெரும்பாலான தனிநபர் மருத்துவ பாலிசியில பிறந்த குழந்தையை 90 நாளுக்கு அப்புறம்தான் சேர்க்க முடியும், ஆபீஸ் பாலிசியில பெரும்பாலும் முதல் நாள்ல இருந்தே சேர்ப்பாங்க. யார் ஆபீஸ் பாலிசியில சேர்க்கறதுன்னு முன்கூட்டியே பேசி வெச்சுக்கோங்க. பொண்ணு பேர்ல செல்வமகள் கணக்கு, பையன் பேர்ல எஸ்.ஐ.பி எல்லாம் நல்லதுதான், ஆனா வரிசை மாறக் கூடாது. முதல்ல அப்பா அம்மா உயிருக்குக் காப்பீடு, அப்புறம்தான் குழந்தையோட காலேஜ்.

பணம் லேட்டாதான் வரும். ஆறு மாசச் செலவு கையில இருந்தா போதும்னு சம்பளக்காரங்களுக்குச் சொல்வேன், உங்களுக்கு ஒன்பது மாசம். உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தா ஆன்லைன்லயே முடிஞ்சுடும். அந்த எண்ணை இன்வாய்ஸ்ல போடுங்க. பதிவு செஞ்ச சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும். குடுக்காட்டி அந்தச் செலவை அந்த வருஷக் கணக்குல கம்பெனி கழிச்சுக்க முடியாதுன்னு வருமான வரிச் சட்டத்துலயே வந்தாச்சு. "பேமென்ட் எப்போ சார்?"னு பத்து தடவை கேக்கறதைவிட அந்த ஒரு வரி நல்லா வேலை செய்யுது. மார்ச் மாசம் அவங்க ஆடிட்டரே அவங்களைத் துரத்துவார்.

டாக்ஸ். எஞ்சினியரிங், டெக்னிக்கல் கன்சல்டன்சி, அக்கவுண்டன்சி, இன்டீரியர் மாதிரி பட்டியல்ல இருக்கற தொழில்கள்னா, இதுவரைக்கும் 44ஏடிஏன்னு சொல்லிட்டு வந்த பிரிவு உங்களுக்குத் தோழன். வருஷ வரவுல பாதியை வருமானம்னு காட்டினா போதும், செலவுக் கணக்கு எழுத வேண்டாம். வரம்பு 50 லட்சம். ரொக்கமா வாங்கறது 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 75 லட்சம். அட்வான்ஸ் டாக்ஸையும் மார்ச் 15-க்குள்ள ஒரே தவணையாக் கட்டலாம். 2026 ஏப்ரல்ல இருந்து புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண் மாறுது, அதைப் பாத்துப் பயப்படாதீங்க. எழுத்து, மொழிபெயர்ப்பு மாதிரி வேலைகள் அந்தப் பட்டியல்ல நேரா இல்ல, அவங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. வரவு 20 லட்சம் தாண்டினா ஜி.எஸ்.டி பதிவு. க்ளையன்ட் பிடிக்கற டி.டி.எஸ் 26ஏஎஸ்-ல வருதான்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. அக்காவுக்குக் குடுக்கற 8,000-ஐத் தொழில் செலவாக் காட்டலாமான்னு கேப்பீங்க. முடியாது, அது சொந்தச் செலவு. சட்டத்துக்கு அது புரியல, என்ன பண்றது.

ராஜினாமா மெயிலை டைப் பண்ணி டிராஃப்ட்ல வெச்சிருக்கீங்களா? இன்னைக்கு அதை அனுப்பாதீங்க. அதுக்குப் பதிலா ஹெச்.ஆர்-க்கு வேற ஒரு மெயில் போடுங்க: எனக்கு எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் மகப்பேறு விடுப்பு, பிரசவத்துக்கு இன்ஷூரன்ஸ் வரம்பு எவ்வளவு, திரும்பி வந்த பிறகு வீட்டுல இருந்து வேலை பாக்க நம்ம கம்பெனியில என்ன விதி. பதில் வந்ததும் அந்த நம்பர்களோட எனக்கு எழுதுங்க, உக்காந்து கணக்குப் போடலாம். காலையில 9.30-ல இருந்து 1.30 வரைக்கும் நான் இருப்பேன்.